திருவைந்தெழுத்தை நாமே ஓதுவோம்

சைவ சமயத்தவராகிய எமக்கு உயிர்நாடியாக விளங்குவது திருவைந்தெழுத்தாகும். பஞ்சாட்சரம் என வடமொழியில் வழங்கும் இம்மந்திரம் யசுர் வேதத்தின் ஸ்ரீருத்திரப் பகுதியிலே அமைந்துள்ளது. மந்திரம் என்பதற்கு, நினைப்பவரைக் காப்பது என்று பெரியோர் பொருள் கூறுவர். நினைப்பவரை என்ற சொல்லை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மந்திரத்தின் பயன் அதனைத் தாமே நினைந்து ஓதுபவரைச் சாரும் என்பது இதன் கருத்தாகும்.

நால்வர் காட்டிய நெறி

திருஞானசம்பந்த சுவாமிகள் சீகாழியிலே தமது உபநயனத்தின்போது பஞ்சாக்கரத் திருப்பதிகத்தை அருளினார். பின்னர் திருநல்லூர்ப் பெருமணத்திலே தமது திருமணம் நிகழ்ந்தபோது நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிச் சோதியிற் கலந்தார். திருநாவுக்கரசு சுவாமிகளைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோது அவருக்குத் துணையாக இருந்தது நாவில் நின்ற ஐந்தெழுத்து ஒன்றே. அக்கல் தெப்பமாக மிதக்க, அவர் திருப்பாதிரிப்புலியூரை அடுத்துக் கரையேறினார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பாண்டிக்கொடுமுடியிலே, மனம் மறந்தாலும் நா மறவாத நிலையைப் பாடினார். மாணிக்கவாசக சுவாமிகள் சிவபுராணத்தை இம்மந்திரத்தைக் கொண்டே தொடங்கினார்.

உபநயனச் சிறுவன், மணமகன், கடலில் தள்ளப்பட்ட அடியவர் என வாழ்வின் எந்நிலையில் உள்ளவருக்கும் இம்மந்திரம் உரியது என்பதை இவ்வரலாறுகள் உணர்த்துகின்றன.

ஐந்தெழுத்தின் பொருள்

சிவாயநம என்பதில் சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் ஆன்மாவையும், நகரம் திரோதத்தையும், மகரம் ஆணவ மலத்தையும் குறிக்கும். ஆன்மாவாகிய யகரம் நடுவிலே நிற்கின்றது. அதன் ஒருபுறம் சிவமும் அருளும். மறுபுறம் மறைப்பும் மலமும். எப்பக்கம் சார்கின்றோமோ அப்பக்கத்தின் இயல்பையே நாம் பெறுகின்றோம்.

மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், நடராசப் பெருமானின் திருவுருவிலேயே இவ்வைந்தெழுத்தைக் காட்டுகின்றது. உடுக்கை ஏந்திய கை சிகரம்; வீசிய கை வகரம்; அபய கரம் யகரம்; தீ ஏந்திய கை நகரம்; திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகன் மகரம். அடுத்த திருவாதிரைத் தரிசனத்தின்போது இதனை நினைந்து பெருமானை நோக்குங்கள். கண் காண்பதையே நா சொல்லுகின்றது என்பது விளங்கும்.

செபிக்கும் முறை

காலையும் மாலையும் கை கால் முகம் கழுவி, திருநீறு அணிந்து, கிழக்கு அல்லது வடக்கு நோக்கி இருந்து செபித்தல் முறையாகும். பிறர் கேட்க ஓதுவது வாசகம். தன் காதுக்கு மாத்திரம் கேட்கும்படி நா அசைய ஓதுவது மந்தம். நா அசையாது மனத்தினாலே எண்ணுவது மானதம். ஒன்றிலும் பார்க்க மற்றொன்று உயர்ந்தது என்பர். மனம் ஓடுகின்றவர்கள் வாசகத்தில் தொடங்கிப் படிப்படியாக உள்ளே செல்லலாம்.

எத்தனை உருச் செபிப்பது என்ற ஐயம் பலருக்கும் உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822 - 1879) தமது சைவ வினாவிடையிலே 108 உரு எனத் தொடங்கி, இயலாதவர் 10 உருவேனும் செபிக்க இடமளித்துள்ளார். நியமமாக நாடோறும் செய்வதே இங்கு முக்கியம். 27 மணி கொண்ட உருத்திராக்க மாலையாயின் நான்கு முறை உருட்ட 108 ஆகும். நாயகமணியைக் கடவாது திருப்பி எண்ணுதல் வேண்டும். மாலை இல்லாதவர் கைவிரல் இறைகளில் எண்ணலாம்.

மந்திரத்தைக் குருவிடம் தீட்சை மூலம் பெற்று ஓதுவதே முறை. தீட்சை பெறாதோர் மேலே கூறிய நமச்சிவாயத் திருப்பதிகங்களையும் சிவபுராணத்தையும் நாள்தோறும் ஓதி வரலாம்.

யார் ஓதுவது?

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட நேர்ந்தது. கோயிலையோ, தேரையோ, தீர்த்தக் கேணியையோ எவராலும் எடுத்துச் செல்ல இயலவில்லை. நாவில் இருந்த ஐந்தெழுத்தை மாத்திரம் எவரும் விட்டுச் செல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று அதனை அறிந்திருந்தவர்கள் முன்னரே நாடோறும் ஓதிப் பழகியவர்கள். துன்பம் வந்தபின் மந்திரத்தைத் தேடுவது, வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

இன்று விடியற்காலையிலே ஒலிபெருக்கி எமக்காக ஓதுகின்றது. வீட்டிலே கைத்தொலைபேசியில் பஞ்சாட்சரத்தை ஒலிக்கவிட்டு நாம் அடுப்படி அலுவல்களைப் பார்க்கின்றோம். இறை நாமம் காதில் விழுவது நன்றே. ஆயினும் பசித்தவனுக்காக மற்றொருவன் உண்ண முடியுமா? கருவி ஓதிய உரு எம் கணக்கில் சேருமா?

முன்னர் எம் வீடுகளிலே விளக்கேற்றியபின் அப்பாச்சியோ அம்மம்மாவோ திருநீற்றுத் தட்டின் முன் இருந்து செபிப்பார். அருகில் இருந்த பேரப்பிள்ளை அவரது உதடு அசைவதைப் பார்த்தே பழகியது. அப்பிள்ளைக்குச் சமயம் அவ்விடத்திலேயே தொடங்கியது. கைத்தொலைபேசிக்கு உதடு இல்லை. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் செபிக்கப் பழகமாட்டாது. இன்று நாம் பத்து உருச் செபிக்கும் பொழுதை ஒதுக்காவிடின், நாளை எம் கோயிலிலே மணி ஒலிக்கும். ஓதும் நா இராது.

ஆகவே இம்மலரைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தவரும், மாலை விளக்கேற்றியபின் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அருகில் இருத்திச் சிறிது நேரம் வாயார ஓதும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக. அதற்கு எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருள் கூடுவதாக.

மேன்மைகொள் சைவ நெறி எங்கும் தழைப்பதாக.