ரிவெட்டுமேல் கை வைக்கும் முன்

பழைய விமான மாடல் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர், கேட்காதவர் எல்லாரும் தரும் முதல் யோசனை ஒன்றுதான்: மேலே துருத்திக்கொண்டிருக்கும் ரிவெட்டுகளைத் தேய்த்து எடுத்துவிடு. அந்த யோசனையைக் கேட்டு ஒரு கோடைகாலத்தையும் நல்ல உடற்பகுதி ஒன்றையும் வீணாக்கியவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கிட், ஏர்ஃபிக்ஸ் 1970-இல் வெளியிட்ட 1/24 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 1. லண்டனில் இருக்கும் மச்சினன் பழைய சாமான் சந்தையில் பிடித்து அனுப்பினான். கட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் வரும். ஷோகேஸில் அடங்காது; டிவி ஸ்டாண்டிலிருந்து எதையாவது இறக்கியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் அதற்கொரு சண்டை நடக்கும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு பாடுபடறதுக்குப் புதுக் கிட்டே வாங்கியிருக்கலாமே" என்பார்கள். வாங்கலாம். அதே நிறுவனம் 2022-இல் 1/24 அளவில் புத்தம்புது ஸ்பிட்ஃபயர் கொண்டுவந்தது, அருமையான அச்சு. ஆனால் அது மார்க் 9. 1942-இல் சண்டைக்கு வந்த விமானம். நான்கு இலை ப்ரொப்பெல்லர், இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒரே அளவுப் பெட்டி. எனக்கு வேண்டியது 1940 கோடையில் தென் இங்கிலாந்தின் மேல் பறந்த மார்க் 1. வலது இறக்கைக்கு அடியில் ரேடியேட்டர், இடதில் ஒல்லியாக ஓர் ஆயில் கூலர், மூன்று இலை. "எல்லாம் ஸ்பிட்ஃபயர்தானே" என்பவர்களிடம் மேற்கொண்டு பேசுவதில்லை.

முதலில் வழக்கமான வேலைகள். பாத்திரம் விளக்கும் சோப்பு நீரில் பாகங்களைக் கழுவிக் காயவையுங்கள். முறுக்கிக்கொண்ட இறக்கையை நல்ல சூடான, ஆனால் கொதிக்காத நீரில் பிடித்து மெல்லத் திருப்பி, அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். காக்பிட்டுக்குப் பசுஞ்சாம்பல் நிறம். இருக்கைப் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப்பே போதும். கண்ணாடி மூடியை ஃபெவிக்விக்கால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி பட்டால் உள்பக்கம் வெள்ளை பூத்துவிடும், ஃபெவிகால் போதும். பழைய பெரிய கிட்களில் சிலவற்றில் மெத்தென்ற டயர்கள் வரும். அவை பட்டுக்கொண்டே கிடக்கும் இடத்தில் காலப்போக்கில் பிளாஸ்டிக் இளகிவிடும். டயரைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

என்ஜின் மெர்லின்: 27 லிட்டர், வி12, சிலிண்டருக்கு இரண்டாக 24 ஸ்பார்க் பிளக். பழைய இயர்ஃபோன் வயரைப் பிரித்தால் வரும் மெல்லிய செப்புக் கம்பியில் 24-க்கும் வயர் இழுத்தேன். அதற்குப் பிறகு என்ஜின் மூடி உட்காரவில்லை. அதனால்தான் திறந்து வைத்திருக்கிறேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இத்தனை வயரை இழுத்துவிட்டு மூடி வைக்க எனக்கென்ன பைத்தியமா?

இனி ரிவெட்.

கோவையில் எங்களைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். ஒட்டி முடித்த உடற்பகுதியை ஒருநாள் அங்கே கொண்டுபோனேன். மூத்தவர் ஒருவர் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, அம்மை போட்ட மாதிரி? நெசமான ஸ்பிட்ஃபயர் வழவழன்னு இருக்கும்ங்க. அத்தனையும் தேய்ச்சு எடுத்துப்போடுங்க." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். பம்ப் கம்பெனி டூல் ரூமில் அரம் பிடித்தே வயிறு வளர்த்தவன் நான். தேய்க்கச் சொன்னால் கேட்கவா வேண்டும்? 400 வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 1000 என்று போனேன். ரிவெட்டோடு தகட்டு இணைப்புக் கோடுகளும் போயின. பள்ளம் விழுந்த இடத்தில் கார் டிங்கரிங் கடைப் பட்டியைப் பூசினேன். அதிலிருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கிற்று. காய்ந்தபின் பட்டியும் உள்வாங்கிற்று. மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. கடைசியில் வால்வரை மொழுமொழுவென்று வந்தது.

அதற்கு வண்ணமும் அடித்து ஒரு போட்டியில் வைத்தேன். நடுவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உடற்பகுதியின்மேல் வெளிச்சத்தை ஓடவிட்டார். கேட்டது ஒரே கேள்வி: "ரிவெட் எங்கேங்க?" பக்கத்திலேயே நின்றிருந்த மூத்தவர் சொன்னார்: "நான் றெக்கையைத்தானுங்க சொன்னேன்."

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். முதல் ஸ்பிட்ஃபயரான கே5054, 1936 மார்ச் 5 அன்று பறந்தது. அதன் தோல் முழுக்கத் தலை தெரியாத, தகட்டோடு தகடாகப் படிந்த ரிவெட்டுகள். வேகத்துக்கு நல்லது, ஆனால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது செலவும் நேரமும் தாங்காது. எங்கெல்லாம் சாதாரண உருண்டைத்தலை ரிவெட் போட்டால் பாதகமில்லை என்று தெரியவேண்டும். அதற்கு சூப்பர்மரைன் பொறியாளர்கள் கண்ட வழி உடைத்த பட்டாணி. ஆம், சமையலறைப் பட்டாணிதான். ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒரு பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். உச்ச வேகம் மணிக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர், குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை உரித்துவிட்டுப் பறந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு தயாரான விமானங்களில் இறக்கையின் பிரதான குறுக்குச்சட்டத்துக்கு முன்னால், காற்று முதலில் மோதும் பகுதியில், படிந்த ரிவெட். உடற்பகுதியிலும் வால் இறக்கையிலும் உருண்டைத்தலை ரிவெட். உடற்பகுதிக்குப் படிந்த ரிவெட் வந்தது 1943 பிப்ரவரியில்தான். ஆக, 1940 ஸ்பிட்ஃபயரின் உடம்பில் ரிவெட் மேடாக இருப்பதுதான் சரி. அச்சு செய்தவர்கள் அளவில் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கலாம், இடம் தவறவில்லை. நிஜ ரிவெட்டின் தலை கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் 1/24-இல் அது கால் மில்லிமீட்டர்தான். அதனால் உயரத்தைக் குறைக்க வேண்டும்; அடியோடு எடுக்கக்கூடாது. 1000 வாட்டர் பேப்பரை நனைத்து, விரல் அழுத்தமின்றி நாலு இழுப்பு போதும். அடியோடு எடுக்கவேண்டியது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால்பங்கு அகலம் மட்டுமே. அங்கே பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்குப் பின்னால் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? உங்கள் ஊரிலும் ஒரு மூத்தவர் இருப்பாரே, தேய்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் ரெசின் ரிவெட் பதித்த டெக்கால் தாள்கள் விற்கிறார்கள். விலையும் சுங்கமும் சேர்ந்தால் கிட்டை மிஞ்சிவிடும். நான் செய்தது ஃபெவிகால் ரிவெட்.

இத்தனை சின்ன ஃபெவிகால் புள்ளி வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, முதலில் ப்ரைமர் அடியுங்கள். நிஜத்தில் அங்குலத்துக்கு ஒரு ரிவெட் என்று கணக்கிட்டால் மாடலில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் வரும். பிள்ளைகளின் கிராஃப் தாளிலிருந்து மெல்லிய கீற்றை வெட்டி, ரிவெட் வரிசை போகவேண்டிய இடத்தை ஒட்டி டேப்பால் பதியுங்கள். அதன் மில்லிமீட்டர் கோடுகள்தான் உங்கள் அளவுகோல். ஃபெவிகாலில் சொட்டுத் தண்ணீர் கலந்து, முனை மழுங்கிய தையல் ஊசியைத் தொட்டுக் கோட்டுக்கு ஒன்றாக வைத்து எடுங்கள். வைக்கும்போது பால்வெள்ளையாய்ப் பருமனாக நிற்கும். காயக்காயக் கண்ணாடியாகி, உயரம் பாதியாக அமுங்கி, சின்னக் குமிழாக உட்கார்ந்துவிடும். அதனால் வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். பிசகினால் ஈரப்படுத்திய பட்ஸால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். ஃபெவிக்விக்கில் அந்தச் சலுகை கிடையாது. வரிசை முடியும்வரை ஊசியை அடிக்கடி துடையுங்கள். முனையில் பசை கெட்டியானால் அடுத்த புள்ளி வாலோடு எழும்பும். இதற்கு மேல் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசினால் குமிழ்கள் கரைந்து போகும். எனாமல் அல்லது லேக்கரை மெல்லிய தூறலாக அடியுங்கள். தேய்க்கும் வேலை எதையும் பாக்கி வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள்.

துணி விஷயமும் இதே கதைதான். 1940 கோடையில் ஸ்பிட்ஃபயரின் எய்லரானுக்குத் துணிதான் போர்த்தியிருந்தார்கள். வேகம் கூடினால் அசைக்கவே முடியவில்லை என்று விமானிகள் புலம்பிய பிறகுதான் உலோகத்துக்கு மாற்றினார்கள். அந்தத் துணி டோப் பூசி விறைப்பாக இழுத்துக் கட்டியது. விலா எலும்புகளுக்கு நடுவே தொங்காது. கிட்டில் அந்த விலா எலும்புகளின் மேடுகளை 1000 வாட்டர் பேப்பரால் தணித்தால் போதும். இங்கேயும் மொழுக்கச் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மஞ்சளித்த டெக்காலைக் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும். பிறகு கிளியர் லேக்கர் ஒரு பூச்சு. அதன்பின் தாள் முழுக்க ஒரே படலம். ஒவ்வொன்றையும் ஓரம் நறுக்கித்தான் ஊறவைக்க வேண்டும். பழசு என்பதால் வட்டச் சின்னங்களுக்கு மட்டுமே அதை நம்பினேன். ஸ்க்வாட்ரன் எழுத்துகளை மாஸ்கிங் டேப்பில் வெட்டி அடித்தேன்: ஏ, இஸட். அது 234-ஆம் ஸ்க்வாட்ரன். 1940 ஆகஸ்டில் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்தது. சென்னை மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய ஸ்க்வாட்ரன். கிட்டில் அந்த எழுத்துகள் இல்லை என்பதற்காக விட்டுவிட முடியுமா?

கடைசியாக ஃபிளாப். ஸ்பிட்ஃபயரில் அதற்கு இரண்டே நிலை: முழுக்க மேலே, முழுக்கக் கீழே. தரையைத் தொட்டதும் விமானி மேலே ஏற்றிவிடுவார். நிறுத்தி வைத்த மாடலில் இறக்கிக் காட்டுவது உள்ளே செய்த வேலையை விளம்பரப்படுத்தத்தான். இறக்கியே தீருவேன் என்றால், ஃபிளாப் இறங்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் எழும்பும் சிறு கதவையும் திறந்து வைக்கவேண்டும்.

சென்ற போட்டிக்கு அந்த மூத்தவர் ஃபிளாப் இறக்கிய ஸ்பிட்ஃபயரோடு வந்திருந்தார். மேலே கதவு மூடியிருந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நடுவரிடம்தான் சொன்னேன்.