லினக்ஸ் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா?

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றதும் சவுண்ட் கார்டு போய்விட்டதாக முடிவு கட்டி, லினக்ஸையே அழித்து மறுபடி ஏற்றுபவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. கீழே உள்ளவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

1. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் வயருக்குப் பச்சைத் துளை, இளஞ்சிவப்பு மைக்குக்கு. வீடு பெருக்கும்போது கழன்று, அவசரத்தில் இடம் மாற்றிச் செருகியிருப்பார்கள்.

2. டிவியையோ மானிட்டரையோ எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்திருக்கிறீர்களா? ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், அவுட்புட்டில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

3. அங்கே எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால் டெர்மினலைத் திறந்து ‘ஆல்சாமிக்சர்’ கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். முதலில் வரும் ஒற்றைக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எஃப்6 அழுத்தி நிஜமான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று தனித்தனிக் கம்பங்கள் தெரியும். கம்பத்தின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் அது மியூட். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் 00 என்று மாறும். பிறகு மேல் அம்புக்குறியால் அளவைக் கூட்டுங்கள். எஸ்கேப் அடித்து வெளியே வரலாம். மாஸ்டர் திறந்திருந்து ஸ்பீக்கர் மட்டும் மூடியிருப்பதும் உண்டு. எல்லாக் கம்பத்தையும் பாருங்கள்.

4. அதே திரையில் ‘ஆட்டோ மியூட்’ என்று ஒன்று இருக்கலாம். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை அடைப்பது அதன் வேலை. துளையில் தூசியோ முறிந்த பின்னோ சிக்கியிருந்தால், ஹெட்போன் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். துளையைச் சுத்தம் செய்யும்வரை அதை டிசேபிள் செய்து வையுங்கள்.

5. சவுண்ட் செட்டிங்ஸில் ‘டம்மி அவுட்புட்’ மட்டும் தெரிந்தால் கார்டு அடையாளம் காணப்படவில்லை என்று அர்த்தம். புதிய இன்டெல் லேப்டாப் பலவற்றுக்கு எஸ்.ஓ.எஃப். ஃபர்ம்வேர் தேவை. சாப்ட்வேர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸும் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு லினக்ஸில் நுழைந்து பாருங்கள்.

6. பழைய குறிப்புகளில், சத்தத்தைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற சாப்ட்வேரை நிறுத்தித் தொடங்கச் சொல்லியிருக்கும். 2021இல் வந்த ஃபெடோரா 34 முதலும், உபுண்டு 22.10 முதலும் அந்த இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தாலே பெரும்பாலும் அது புதிதாகத் தொடங்கிவிடும். இது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஓடுவது. சூடோ போட்டு நோண்ட வேண்டாம்.

7. பாட்டுத் தொடங்கும்போது ‘டப்’ என்று சத்தம், அல்லது முதல் சொல் விழுங்கப்படுகிறதா? சும்மா இருக்கும் கார்டை மின்சாரச் சிக்கனத்துக்காகத் தூங்க வைப்பதால் வருவது அது. சவுண்ட் டிரைவரின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

8. புளூடூத் ஹெட்போனில் வீடியோ கால் பேசும்போது மட்டும் குரல் பழைய டெலிபோன் போல ஒலித்தால் கோளாறு ஏதுமில்லை. ஹெட்போனின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகிறது. இன்புட்டில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஹெட்போனுக்கு ஏ2டிபி முறையையும் தேர்ந்தெடுங்கள்.