சிலிகா ஏரி

ஒடிசா மாநிலத்தின் கடற்கரையில் பரந்து கிடப்பது சிலிகா ஏரி. நீண்ட மணல்திட்டு ஒன்று அதனைக் கடலினின்று பிரிக்கிறது. மகாநதியின் கிளையாறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இரண்டும் கலந்த உவர்நீரில் மீனும் இறாலும் நண்டும் செழிக்கின்றன.

குளிர்காலத்தில் சைபீரியா, மத்திய ஆசியா முதலிய தொலைவிடங்களிலிருந்து பறவைகள் இங்கு வலசை வருகின்றன. ஏரியினுள் அமைந்த நளபானா தீவு அவற்றின் சரணாலயம். மழைக்காலத்தில் மூழ்கும் அத்தீவு, நீர் வடிந்தபின் வெளிப்படும். ஆழம் குறைந்த நீரில் நின்று பூநாரைகள் இரை தேடும்.

ஒரு காலத்தில் வண்டல் படிந்து நீர்வழி தூர்ந்தது. உவர்ப்புக் குறைந்தது, களைகள் மண்டின, மீன்வளம் சுருங்கியது, மீனவர் வாழ்வு நலிந்தது. 1993ஆம் ஆண்டு சிலிகா, சீர்கெட்டுவரும் ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. கடல்நீர் மீண்டும் புகவே, மீன்வளம் பெருகியது. 2002இல் அப்பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

சாதபடா என்னும் ஊரிலிருந்து சுற்றுலாப் பயணிகள் படகேறி ஓங்கில்களைக் காணச் செல்கின்றனர். விசைப்படகு நெருங்கினால் ஓங்கில் காயமுறும். இரைச்சல் கேட்டால் பறவை இரையை விட்டுப் பறந்துவிடும். எனவே, விலகி நின்று காண்பதே விருந்தினர்க்கு அழகு.

சொற்பொருள்
முகத்துவாரம் – நீர் கடலோடு கலக்கும் வாயில்
வலசை – பருவந்தோறும் இடம்பெயர்தல்
ஓங்கில் – டால்பின்

வினாக்கள்
1. முகத்துவாரம் தூர்ந்ததால் மீனவர் வாழ்வு நலிந்தது ஏன்?
2. நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.