உபாத்தியாயர் கற்ற வட்டிக் கணக்கு

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர் தாமும் கற்கவேண்டியது உண்டோ என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். போதனாமுறைப் பாடசாலையில் அவர் பயின்று வந்தது தொழிலின் தொடக்கமே. எஞ்சியதை அவருக்குக் கற்பிப்பவை அவர் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் சிலேட்டுகளும், அப்பிள்ளைகள் புறப்பட்டு வரும் வீடுகளுமே. இஃது ஐக்கிய நாணய சங்கத்துக்கும் சம்பந்தமுள்ள விஷயம் என்பது கீழ்வரும் கணக்கால் விளங்கும்.

உற்று நோக்கிக் கற்றவருள் ஆண்ட்ரூ பெல் என்பவர் ஒருவர். ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியாராகிய இவர், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட பாடசாலைக்குத் தலைவரானார். அருகில் இருந்த திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பாடசாலையிலும் செய்விக்க விரும்பினார். கீழுள்ள உபாத்தியாயர்கள் இசையவில்லை. ஆகவே 8 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். அது நன்கு நடந்தது. 1797இல் லண்டனில் அவர் இதனை ஒரு நூலாக வெளியிட்டபின், ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் அது பரவிற்று. நம் திண்ணையிலிருந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து போயின. ஆனால் அவற்றைக் கண்டெடுத்த கண் எல்லா இடத்துக்கும் உடன் போயிற்று என்று சொல்வதற்கில்லை. நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் அமர்த்தி ஒப்புவிக்கச் செய்வதே பெரும்பாலும் மிஞ்சிற்று.

ஒப்புவித்தலின் குறை எங்கே வெளிப்படும் என்பதற்கு, அணா வழங்கிய காலத்துக் கிராமப் பாடசாலை ஒன்றை உதாரணமாகக் கொள்க. உபாத்தியாயர் ஐந்தாம் வகுப்புக்கு இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிறார்: ‘ஒருவன் சங்கத்தில் 100 ரூபாய் கடன் வாங்கினான். வட்டி ரூபாய் ஒன்றுக்கு மாதம் 1 தம்பிடி. 6 மாதம் கழித்து அசலில் 50 ரூபாய் செலுத்திவிட்டான். முதல் வருஷத்துக்கு வட்டி மொத்தம் எவ்வளவு?’

ஒரு சிறுவன் 6 ரூபாய் 4 அணா என்று எழுதிக் கொணர்கிறான். விடை தவறு. சிலேட்டில் குறுக்குக் கோடிட்டு, வாய்பாட்டைப் பத்து முறை சொல் என்று அனுப்பிவிடுவதே வழக்கம். ஆயினும் அவன் செய்த பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. மாதம் 100 தம்பிடி. 12 மாதத்துக்கு 1,200 தம்பிடி. 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக 6 ரூபாய் 4 அணா சரியே. பாதி அசல் கட்டியாயிற்றே, அதை ஏன் கழிக்கவில்லை என்று உபாத்தியாயர் கேட்கிறார்.

“ஐயா, பத்திரம் 100 ரூபாய்க்குத்தானே எழுதியிருக்கிறது?” என்கிறான் சிறுவன். அவன் தகப்பனார் நிலக்கடலை விற்ற பணத்தில் பாதிக் கடனைக் கொடுத்தார். பத்திரத்தில் அது வரவு வைக்கப்படவில்லை. வட்டி முழுத்தொகைக்குமே கேட்கப்பட்டது, அவரும் கொடுத்துவந்தார்.

சிறுவன் கணக்கு அறியாமற் பிழை செய்தானல்லன். தன் வீட்டில் நடந்த கணக்கையே பிசகாமல் எழுதியிருக்கிறான்! குறுக்குக் கோட்டோடு நின்றிருந்தால் உபாத்தியாயருக்கு இது தெரிந்தே இராது.

மறுநாட் பாடம் புளியங்கொட்டையைக் கொண்டு நடக்கிறது. கொட்டை ஒன்றுக்கு 10 ரூபாயாக வைத்துக்கொண்டு, முதல் 6 மாதத்துக்கு மாதம் ஒரு வரிசையாக, வரிசைக்கு 10 கொட்டை பரப்புகிறார்கள். ஏழாம் மாதத்திலிருந்து வரிசைக்கு 5 கொட்டையே. எல்லாம் சேர்ந்து 90 கொட்டை. கொட்டைக்கு 10 தம்பிடி வட்டியாக 900 தம்பிடி. அதாவது 4 ரூபாய் 11 அணா. முதலில் வந்த விடைக்கும் இதற்கும் 1 ரூபாய் 9 அணா வித்தியாசம். கூலிக்குச் செல்லும் குடும்பத்துக்கு அந்நாளில் அது சில நாட் கூலி. வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டி மாதம் 3 தம்பிடியானால், வித்தியாசம் மாத்திரம் 4 ரூபாய் 11 அணாவாகும். சங்கத்துக்கு வருஷம் முழுவதும் செலுத்தவேண்டிய வட்டி எவ்வளவோ, அவ்வளவும் செலுத்தித் தீர்ந்த அசலுக்காக வீணே போகிறது.

1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வந்தது, தம்பிடி வழக்கொழிந்தது. வட்டியை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் இக்காலத்தில் மேற்சொன்ன சங்க வட்டி 6¼ சதவீதம். ஆனால் எந்த அசலுக்கு, எத்தனை மாதத்துக்கு என்னும் கேள்வி அப்படியே இருக்கிறது.

இத்தகைய பிழைகளை உபாத்தியாயர் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, அண்டையூர் உபாத்தியாயர்களைச் சந்திக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பாராயின், அது பல மாதிரிப் பாடங்களைக் கேட்பதினும் பயன் தரும். பஞ்சாயத்தாரும் இதற்கு உதவலாம். கணக்கு முடிந்த பழைய பாஸ் புத்தகங்களிலிருந்து, பெயரை நீக்கி, தேதியையும் தொகையையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் வகுப்புக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய கணக்குகள் கிடைக்கும். பிள்ளைகள் கூட்டிப் பார்க்கும்போது சங்கத்துக் குமாஸ்தாவின் தவறொன்று வெளிப்பட்டாலும் வெளிப்படும். அதற்கு யாரும் வருந்த வேண்டுவதில்லை.

புளியங்கொட்டைக் கணக்கைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு சிறுவன் வீட்டுக்குப் போகிறான். தகப்பனார் கேட்டுவிட்டு, 50 ரூபாய் கொடுத்ததற்குக் கையில் ரசீது இல்லை என்கிறார். ஆகையால் அடுத்த நாள் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் இல்லை; ரசீது எழுதும் பாடம் நடக்கிறது. தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், அசலுக்கா வட்டிக்கா என்ற விவரம், வாங்கினவர் கையெழுத்து. அக்காலச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையாதலால் ஓர் அணா ஸ்டாம்பு.