டாக்டர் ஹவுஸும் குற்றாலத்துக் குரங்கும்

இன்டர்னல் எக்ஸாம் முடிஞ்ச களைப்பில் இருப்பீங்க. அதனால இந்தத் தடவை பாடம் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு அமெரிக்க டிவி சீரியலின் முதல் எபிசோடு, குற்றாலத்தில் எங்க வீட்டுக்கு நடந்த ஒரு சம்பவம், வேலூரில் நடந்த ஒரு ஆராய்ச்சி. மூணையும் சேர்த்து வச்சுப் பார்த்தா, ஃபால்ட் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். சர்க்யூட்டோ, கோடோ, மனுஷ உடம்போ, தேடுற முறை ஒண்ணுதான்.

ஐந்தருவி வரிசையில்

எங்க வீடு தென்காசி. சொந்தக்காரங்க யார் வந்தாலும் குற்றாலம் கூட்டிட்டுப் போறது என் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி ஜூலை மாசம், சாரல் நல்லா பிடிச்சிருந்த நேரம், சித்தியும் தம்பியும் வந்திருந்தாங்க. தம்பி அப்போ பிளஸ் ஒன். ஐந்தருவியில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ச்சுட்டு வரிசையில் நிக்கும்போது, அவன் வலது கை மட்டும் தானா வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சுது. என்னன்னு கேக்குறதுக்குள்ள கீழ விழுந்துட்டான். வலிப்பு. யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணிச்சாங்க. ஒருத்தர் வாயில் துண்டைத் திணிக்கப் போனார். ரெண்டு நிமிஷத்தில் அதுவா நின்னுடுச்சு.

தென்காசியில் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடது பக்கத்தில் சின்னதா ஒரு வளையம். டாக்டர் படத்தைப் பார்த்துட்டு நிதானமா சொன்னார்: "இது பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவோட சிஸ்ட்டா இருக்கும்மா. பயப்படாதீங்க."

சித்திக்குப் பயத்தை விட அதிர்ச்சிதான் அதிகம். "சார், எங்க வீட்ல முட்டை கூட வாங்க மாட்டோம்!"

அன்னைக்கு சாயங்காலமே சொந்தத்துக்குள்ள பேச்சு கிளம்பிடுச்சு. பையன் வெளிய எங்கயோ தின்னுருக்கான், வீட்ல மறைக்கான்னு. தம்பி என்கிட்ட வந்து, "அண்ணா, சத்தியமா நான் சாப்பிடல"ன்னு அழுதான். நான் "சரிடா"ன்னு சொன்னேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நம்பல. காரணம், நான் 'ஹவுஸ்' பார்த்தவன்.

எபிசோடில் என்ன நடக்குது?

'ஹவுஸ்' சீரியலின் முதல் எபிசோடு 2004 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பானது. டேவிட் ஷோர் உருவாக்கியது. ஹவுஸாக நடித்தவர் ஹியூ லாரி. நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரி. ஹவுஸ் நோயாளியின் முகத்தைப் பார்க்கவே விரும்பாத டாக்டர். எல்லாரும் பொய் சொல்றவங்க, அதனால அவங்ககிட்ட பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் கொள்கை.

ரெபேக்கா என்ற 29 வயது ஆசிரியை பாடம் நடத்தும்போது திடீரென்று பேச்சு குழறி, வலிப்பு வந்து விழுகிறார். மூளைக் கட்டியா? இல்லை. ரத்தக்குழாய் அழற்சியா? ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கிறார்கள். முன்னேற்றம் தெரிகிறது, பிறகு மறுபடி மோசமாகிறது. ஹவுஸின் ஆட்கள் ரெபேக்கா வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து தேடுகிறார்கள். அங்கே பன்றி இறைச்சி இருந்தது என்று பேச்சுவாக்கில் தெரிய வருகிறது. ரெபேக்கா தன் சொந்தக்காரி என்று நண்பர் வில்சன் சொல்லியிருந்தார். வில்சன் யூதர், அவர் சொந்தத்தில் பன்றிக்கறி எப்படி? ஆக வில்சன் சொன்னது பொய். அந்த இடத்தில் ஹவுஸுக்கு மின்னல் வெட்டுகிறது: நாடாப்புழு!

ரெபேக்கா நிரூபணம் இல்லாமல் இனி மருந்து வேண்டாம் என்கிறார். தொடையை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஏன்னா இந்தப் புழுவின் லார்வா தசையிலும் தங்கும். அங்கே ஒன்று இருக்கிறது. கேஸ் முடிந்தது.

ஹவுஸ் தவறவிட்ட இடம்

இப்போ புழுவின் கதையைச் சரியா பார்ப்போம். இதில் ரெண்டு வேற வேற வழி இருக்கு.

முதல் வழி: சரியா வேகாத பன்றிக்கறியில் உள்ள லார்வாவை ஒருவர் சாப்பிட்டால், அது குடலில் ஒட்டிக்கொண்டு பல மீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவாக வளரும். இது குடல் நோய். மூளைக்கு இதனால் நேரடியாக எதுவும் ஆகாது.

ரெண்டாவது வழி: அந்தப் புழுவின் முட்டைகள் மனித மலத்தில் வெளியேறும். கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சையாகத் தின்னும் காய்கறி வழியாக அந்த முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், குடலில் பொரிந்து, உள்ளிருக்கும் கரு குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு தசைக்கும் மூளைக்கும் போய் சிஸ்ட்டாக உட்காரும். வலிப்பைக் கொண்டுவருவது இதுதான்.

குடலில் உள்ள புழுவின் முட்டை அப்படியே குடல்சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதாக ஹவுஸ் விளக்குவார். அது சரியில்லை. முட்டை வாய் வழியாகப் போக வேண்டும். புழு இருப்பவருக்கே தன் கை வழியாக அது நடக்கலாம். அவர் பக்கத்தில் வாழும் யாருக்கும் நடக்கலாம்.

அதாவது, மூளையில் சிஸ்ட் வர பன்றிக்கறியைத் தொட்டே இருக்க வேண்டாம்! நியூயார்க்கில் மத ஆசாரப்படி பன்றிக்கறி சாப்பிடாத யூதக் குடும்பங்களில் நாலு பேருக்கு இதே நோய் வந்தது 1992-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு. வீட்டில் வேலை செய்தவர்கள் வழியாக முட்டை பரவியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்த நாலு பேரும் பொய் சொல்லல. என் தம்பியும் சொல்லல.

வேலூரில் உடைந்த ஒரு நம்பிக்கை

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு இன்ஜினியர் (1979-ல் நோபல் பரிசு வாங்கினார், நம்ம ஆளு!). அந்த மெஷின் இந்தியாவுக்கு வந்த பிறகு, வலிப்போடு வந்த பலரின் மூளையில் இதே சின்ன வளையம் தெரிந்தது. நம்ம நாட்டில் காசநோய் அதிகம். அதனால இது காசநோய்க் கட்டிதான் என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வளையமும் மறைந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பினார்கள்.

ஆனால் மருந்து கொடுக்காதவர்களுக்கும் வளையம் தானாக மறைந்தது. அப்போ மறையவைத்தது மருந்தா?

வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் நாடாப்புழுவின் சிஸ்ட் இருந்தது. 1989-ல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. மூளையைத் திறக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சில விதிகளையும் வகுத்தார்கள்: வலிப்பு இருக்க வேண்டும், மூளைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி நீடிக்கக் கூடாது, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகக் கூடாது, உடம்பில் காசநோய், புற்றுநோய் போன்ற வேறு நோய் இருக்கக் கூடாது, ஸ்கேனில் ஒரே ஒரு வளையம், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்க வேண்டும்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது. எங்க தென்காசி டாக்டர் தம்பிகிட்ட கேட்ட கேள்விகளே இதுதான்! "இருமல் உண்டா? எடை குறைஞ்சுதா? காலையில் தலைவலியோட வாந்தி வருதா? கையில் பலம் குறையுதா?" ஹவுஸ் மாதிரி யார் வீட்டுக்குள்ளயும் நுழையல. பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டார். சொன்ன பதிலை நம்பினார்.

குரங்குக் கணக்கு

குற்றாலத்தில் ராத்திரி கூரையில் சத்தம் கேட்டா என்ன நினைப்போம்? குரங்கு. சென்னையில் அதே சத்தம் கேட்டா? பூனை. சத்தம் ஒண்ணுதான், ஊர் வேற. இதைத்தான் நாம ப்ராபபிலிட்டி பேப்பரில் பேயஸ் தேற்றம்னு படிக்கிறோம்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு டெஸ்ட், நோய் உள்ள 100 பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்குத் தவறாக 'இருக்கு' என்று காட்டும். 1000 பேரில் ஒருவருக்கு மட்டுமே நோய் உள்ள ஊரில், 'இருக்கு' என்று வரும் சுமார் 51 பேரில் உண்மையான நோயாளி ஒருவர்தான். கிட்டத்தட்ட 2 சதவீதம். 1000 பேரில் 300 பேருக்கு நோய் உள்ள இடத்தில், 320 பேருக்கு 'இருக்கு' என்று வரும். அதில் 285 பேர் உண்மையான நோயாளிகள். 89 சதவீதம்! டெஸ்ட் மாறவே இல்ல.

நியூ ஜெர்சியில் நாடாப்புழுவை நினைக்க ஹவுஸ் மாதிரி ஒரு ஜீனியஸ் வேணும். இங்க அது பட்டியலின் மேலேயே இருக்கும். இந்த நோய் பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கையோடு எடுத்துட்டுப் போக

ஒண்ணு: சரிசெய்ததும் சரியானதும் அடுத்தடுத்து நடந்ததால, அதனாலதான் இது நடந்ததுன்னு ஆகாது. ரீஸ்டார்ட் பண்ணி பக் போயிடுச்சுன்னு சொல்ற நமக்கும் இது பொருந்தும்.

ரெண்டு: தகவல் தியரிக்குப் பொருந்தலைன்னா, சொன்னவரைச் சந்தேகிக்கும் முன்னாடி தியரியைச் சந்தேகி.

மூணு: யாருக்காவது வலிப்பு வந்தா சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் வைக்காதீங்க. அழுத்திப் பிடிக்காதீங்க. தண்ணி, கல்லு பக்கத்திலிருந்து விலக்கி, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, நேரம் பாருங்க. 5 நிமிஷத்தைத் தாண்டினா உடனே 108.

தம்பிக்கு வலிப்பு மாத்திரை கொடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேனில் வளையத்தைக் காணோம். இப்போ அவனும் இன்ஜினியரிங் சேர்ந்துட்டான். போன சீசனுக்கு வந்தப்போ, மெயின் அருவிக்கு வெளிய டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துட்டு, "அன்னைக்கு நான் உன்னை நம்பலடா, மன்னிச்சிரு"ன்னு சொன்னேன்.

"தெரியும்ணா. உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது"ன்னான்.

டயக்னோசிஸ்ல அவன் என்னை விடக் கெட்டிக்காரன்.