ஊர் என்னும் சொல்

பிரம்மதேசத்தில் எட்டாம் வகுப்பில் இடப்பெயர்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஊர் என்று முடியும் பெயர்களைச் சொல்லுங்கள்" என்றதும் வளவனூர், வானூர், திருவெண்ணெய்நல்லூர் எனக் கரும்பலகை நிறைந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவன் ஒருவன், "எங்க வீட்ல ஊருன்னுதான் சொல்வோம் சார். நெறைய இருந்தா ஊள்ளு" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு அது பாடத்தின் வாசலாயிற்று. கன்னடத்திலும் துளுவிலும் ஊரு, மலையாளத்திலும் உண்டு. நெல்லூர், மங்களூரு, கண்ணூர் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

நம் ஊர்ப்பெயரில் 'ஊர்' ஏன் இல்லை என்று ஒரு கேள்வி வந்தது. பிராமணர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரைச் சோழர் காலத்தில் பிரமதேயம் என்றார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் பிரம்மதேசம். செய்யாறு பக்கமும் அம்பாசமுத்திரம் பக்கமும் இதே பெயரில் ஊர்கள் உள்ளன. பிரமதேயத்தை ஆண்ட மன்றம் 'சபை'. மற்ற ஊர்களில் நிலமுடையோர் கூடிய மன்றத்துக்குப் பெயரே 'ஊர்'. கல்வெட்டில் அவர்கள் தம்மை 'ஊரோம்' என்று சொல்லிக்கொண்டனர். பெயர்ச்சொல்லோடு தன்மைப் பன்மை விகுதி சேர்ந்து வருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இலக்கண வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள்.

அடுத்து, "உன் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுது" என்றேன். கடைசி வரிசை மாணவி எழுதவில்லை. கேட்டபோது, "நாங்க ஊரு இல்ல சார், காலனி" என்றாள். இத்தனை ஆண்டுகளாக இதே பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். எத்தனை பிள்ளைகள் இப்படிப் பேனாவை மூடி வைத்தார்களோ, நான் கவனித்ததில்லை.

அகராதிப் பொருள் அங்கே உதவவில்லை. அட்டப்பாடியைப் பற்றிச் சொன்னேன். அங்கே பழங்குடியினர் குடியிருப்புதான் 'ஊரு'. தலைவர் ஊருமூப்பன், கூடிப் பேசும் அவை ஊருக்கூட்டம். இங்கே சிலரை வெளியே நிறுத்தும் சொல் அங்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் அடையாளமாகிவிட்டது. 2024இல் கேரள அரசு, இழிவு தொனிப்பதாகக் கூறி, 'காலனி'யோடு 'ஊரு' என்பதையும் இத்தகைய குடியிருப்புகளுக்கு வழங்க வேண்டாம் என்றது. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். ஆக, சொல் ஒன்றுதான். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில் அதன் பொருள் புரள்கிறது.

"அந்த ஊரோம்ல நாங்க இருந்தோமா சார்?" என்று கேட்டாள் அவள்.

மழுப்பத் தோன்றியது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ஊர்நத்தம் ஓரிடமாகவும் பறைச்சேரி, கம்மாணச்சேரி வேறிடங்களாகவும் தனித்தனியே பதிவாகியிருப்பதைச் சொன்னேன். நிலமில்லாதவர் அந்த 'ஓம்' விகுதிக்குள் இல்லை என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். ஐந்து வரி கேட்டிருந்தேன். இரண்டு பக்கம் வந்தது. தலைப்பு: 'எங்க ஊரு'. பேச்சு வழக்கைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.