பெற்றவரை அறியும் உரிமை

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தில் பணியிலிருக்கும் தத்துப்பிள்ளையான சிரஞ்சீவி மகளுக்குப் பெரியப்பா ஆசி கூறி எழுதுவது.

தத்துப்பிள்ளை வேலையில் சேரும்போது காட்டும் பிறப்புச் சான்றிதழில் வளர்த்தவர்களே தாய் தந்தையாகப் பதிவாகியிருப்பதால், பெற்றவர் பற்றிய செய்தி, குழந்தையைத் தத்துக்கொடுத்த சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் கோப்பில்தான் கிடைக்கும். அதைக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று சுற்றத்தார் சொல்லக்கூடும். அச்சொல்லுக்கு மகள் சற்றும் கலங்க வேண்டியதில்லை. தன் பிறப்பின் சூழலை அறிய முயல்வதாகிய ‘வேர் தேடலை’ 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் ஏற்று, 18 வயது நிறைந்தவர் தாமே மத்திய தத்து வள ஆணையத்திடம் இணையவழி விண்ணப்பிக்க இடமளிக்கின்றன.

இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மூலப் பிறப்புச் சான்றிதழையே வளர்ந்த தத்துப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது; இந்திய விதி அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஒப்படைத்த நாளில் தாய் தன் அடையாளத்தை மறைக்கக் கேட்டிருந்தால், அவரது ஒப்புதலை நிறுவனமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ எழுத்தில் பெற்றாக வேண்டும். அவர் மறுத்தாலும், அவரைக் கண்டறிய இயலாவிடினும், பிள்ளை ஒப்படைக்கப்பட்ட காரணமும் சூழலும் விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதே இவ்விதியின் உயிர்நிலை. எனவே அந்தக் காரணத்தை அறிவது மகளின் உரிமை; சந்திப்பது தாயின் விருப்பம். பழையதை எவரிடமும் சொல்லாமல் வேறொரு குடும்பத்தில் வாழும் பெண்ணின் வாசலில், துப்பறிவோரை முன்னே அனுப்பிவிட்டுத் திடீரென்று போய் நிற்பது அவருடைய வாழ்வையே குலைத்துவிடலாம்; மூன்றாம் நபர் வேர் தேடுவதை ஒழுங்குமுறை அனுமதிக்காதது மிகவும் சரியானது.

கோப்பில் பெயரே இல்லாமலும் போகலாம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெற்றோர் தம்மை வெளிப்படுத்தாமலே குழந்தையை விட்டுச்செல்ல வழியிருந்தது. அதனால் பல உயிர்கள் பிழைத்தன என்பதையும் அந்த வெற்றிடத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். மாறாக, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி தத்துப் பத்திரம் பதிவாகியிருந்தால், கொடுத்தவர், எடுத்தவர் இருவரின் கையொப்பமும் அதில் இருக்கும். அப்போது தேட வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

விண்ணப்பிக்குமுன் வளர்த்த பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆயினும் பிறர் வாயால் கேட்டால் அவர்கள் மனம் உடைவார்கள். தவிர, தத்து ஆணையின் நகல் அவர்களிடம் இருக்கக்கூடும். விண்ணப்பத்திற்கு வேண்டிய நிறுவனத்தின் பெயரும் ஆணையின் தேதியும் அதிலிருந்தே தெரியவரும்.